பச்சைப் பாக்கெட்டில் இரண்டு கையெழுத்து

ஜூலை பதினெட்டாம் தேதி மாலை நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு லியாவ் பெய்ஜுன் வீட்டுக்குப் போய்விட்டாள். மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அப்படித்தான் சொன்னது.

நான்கு ஐம்பத்தைந்துக்கு அவளுடைய இடது ஆள்காட்டி விரலில் ஒரு ஊசி இறங்கியது. இடம்: அதே மருத்துவமனை, ஐந்தாவது மாடி, பி வார்டு, பன்னிரண்டாம் படுக்கை.

வீட்டுக்குப் போனவள் விரலில் வார்டு ஊசி எப்படி இறங்கும்?

இதற்குப் பதில் தேடித்தான் நவம்பர் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு, தைவானின் தைனான் நகரத் தொழிலாளர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் நான்கு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

தலைப்பக்கம் மத்தியஸ்தர் தூ மேடம். ஐம்பது வயது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. யார் பேசினாலும் முடிகிற வரை குறுக்கிடாத சுபாவம். ஒரு பக்கம் பெய்ஜுன், தனியாக. இருபத்தேழு வயது, ஐந்து வருட நர்ஸ். எதிரே மருத்துவமனையின் பணியாளர் பிரிவு மேலாளர் ஃபான், கறுப்பு ஃபைலும் மடிப்புக் கலையாத சட்டையுமாக. அவருக்குப் பக்கத்தில் 5பி வார்டின் ஹெட் நர்ஸ் கோ சூயே. இருபத்தாறு வருட சர்வீஸ்.

ஹெட் நர்ஸை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஆசாங்" என்பார்கள். உள்ளே நுழைந்த கோ சூயேயைப் பார்த்ததும் பெய்ஜுன் பழக்க தோஷத்தில் எழுந்து நின்று "ஆசாங்" என்றாள். கோ சூயேயும் பழக்க தோஷத்தில் தலையசைத்தார். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

தூ மேடம் ஒரு தட்டை நடுவில் நகர்த்தினார். அன்னாசி கேக்.

"எடுத்துக்குங்க. பேச்சு நீளமாப் போகும்."

ஃபான் ஒன்றை எடுத்துக்கொண்டார். நர்ஸ்கள் இருவரும் ஒரே நேரத்தில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். டூட்டி உள்ளவர் அன்னாசி தின்றால் அன்று வார்டு நிரம்பி வழியும் என்பது அங்கே நர்ஸ்களின் நம்பிக்கை. இன்று இருவருக்குமே டூட்டி இல்லை. கைகளுக்கு அது தெரியவில்லை.

பெய்ஜுன் கேட்டது ஒரே ஒரு வரி. இது வேலையில் பட்ட காயம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அக்டோபர் ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஹெபடைடிஸ் சி என்று வந்திருந்தது. அந்த ஒரு வரி இருந்தால் சிகிச்சையும் லீவும் லீவுக்கான சம்பளமும் சட்டப்படி வந்து சேரும். சிகிச்சை முடிகிறவரை யாரும் அவளை வேலையை விட்டு அனுப்ப முடியாது. இல்லாவிட்டால், எங்கேயோ போய் அவளே வாங்கிக்கொண்டு வந்த நோய். லீவு தீருகிற அன்று வேலையும் தீரும்.

"நாங்க யாரையும் கைவிடற ஆஸ்பத்திரி இல்லைங்க மேடம்," என்று ஃபான் ஆரம்பித்தார். "இந்தப் பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. ஆனா கம்ப்யூட்டர் யாருக்கும் சொந்தக்காரன் இல்ல பாருங்க. நாலு ரெண்டுக்குக் கார்டு அடிச்சாச்சு, கிளம்பியாச்சு. அதுக்கப்புறம் நடந்ததுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?"

"கார்டு அடிச்சிட்டுத் திரும்பி வந்து வேலை பார்த்தேன்," என்றாள் பெய்ஜுன். "எல்லாரும் அப்படித்தான்."

"எல்லாரும்னா?"

"வார்டு முழுக்க."

ஃபான் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். "வார்டு முழுக்க இங்கதான் ஒளிஞ்சிருக்காங்களா? ஒருத்தரையும் காணோமே!"

*

மாலை நான்கு மணிக்கு 5பியில் என்ன நடக்கும் என்று அங்கே வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் தெரியும். ஆனால் யாரும் சொல்லமாட்டார்கள்.

மூன்று ஐம்பத்தொன்பதுக்கு நர்ஸ்களின் போன்கள் ஒன்றாக அதிரும். கடிகாரத்தைக் கட்டிப்பிடித்த முயல் படம் ஒன்று வந்திருக்கும். அனுப்பியவர் ஆசாங். முயல் வந்தால் கார்டு அடிக்க வேண்டும் என்று அர்த்தம். பகல் டூட்டி நர்ஸ்கள் வரிசையாக லிஃப்ட் பக்கம் போவார்கள், மெஷினில் கார்டைத் தொடுவார்கள், அதே வரிசையில் திரும்பி வருவார்கள். பாதி எழுதின நோட்டும் பாதி போட்ட கட்டும் அப்படியே காத்திருக்கும். ஓவர்டைம் கூடினால் மாதக் கூட்டத்தில் ஆசாங்கை நிற்கவைத்து, "உங்களால சமாளிக்க முடியலையா?" என்று கேட்பார்கள். அதனால் முயல்.

ஜூலை பதினெட்டாம் தேதியும் முயல் வந்தது. பெய்ஜுன் ஊர்வலம் போய்த் திரும்பினாள்.

நான்கு நாற்பதுக்குப் பன்னிரண்டாம் படுக்கைக்காரருக்குக் காய்ச்சல் முப்பத்தொன்பதைத் தாண்டியது. லூ என்ற பெரியவர், எழுபத்தொரு வயது, வாழ்நாள் முழுக்கப் பால்மீன் குளம் வைத்திருந்தவர். கல்லீரலில் ஹெபடைடிஸ் சி பல வருடமாகக் குடியிருந்தது. உடனே இரண்டு இடத்தில் ரத்தம் எடுக்கச் சொன்னார் டாக்டர்.

மாலை டூட்டியில் அவரைப் பார்க்க வேண்டியவள் ஷியே வான்திங். பெய்ஜுனுக்கு ஆறு வருடம் மூத்தவள். சரியாக அந்த நேரம் பார்த்து அவசரப் பிரிவு ஒரு புது நோயாளியை அலறலோடு மேலே அனுப்பியிருந்தது. வான்திங்குக்கு இரண்டு கையும் போதவில்லை.

"கொடுங்க அக்கா, நான் எடுக்கறேன்," என்றாள் பெய்ஜுன்.

"நீ கார்டு அடிச்சாச்சே? வண்டி திறக்காது."

"உங்களுதைக் கொடுங்க."

வான்திங் கழுத்தில் தொங்கிய கார்டைக் கழற்றிக் கொடுத்தாள். கம்ப்யூட்டரும் டிராயர்களும் பொருத்திய சிகிச்சை வண்டி அந்தக் கார்டுக்குத் திறந்தது. ரத்தக் குப்பியில் ஒட்டும் சீட்டு வான்திங் பெயரில் அச்சாகி வந்தது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை, ரத்தம் எடுத்தது வான்திங். வண்டியோடு கிளம்பியவளைப் பார்த்த ஆசாங், ரத்தத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பச் சொன்னார்.

வண்டியில் இருந்தது சாதா ஊசி. எடுத்து முடித்ததும் முனையைத் தானே மூடிக்கொள்ளும் பாதுகாப்பு ஊசிகள் கவுன்டருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஆய்வுக் குழு வரும் நாளில் அலமாரி திறக்கும். குழு லிஃப்டில் இறங்கியதும் பூட்டிக்கொள்ளும்.

முதல் கை ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது கையில் ஊசியை வெளியே எடுக்கும்போது லூ பெரியவர் முனகினார்.

"எத்தனை தரம்மா குத்துவே பொண்ணே? என் குளத்து மீனையே நான் ஒரு தரம்தான் குத்துவேன்!"

சொல்லிவிட்டுக் கையை உதறினார்.

பெய்ஜுன் கத்தவில்லை. குப்பிகளைத் தாங்கியில் நிறுத்தினாள். ஊசியை ஊசிப் பெட்டிக்குள் போட்டாள். கையுறையைக் கழற்றினாள். விரலில் ஒரு கடுகளவு சிவப்பு. குழாயைத் திறந்து சோப்புப் போட்டு ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டே நின்றாள். ஆசாங்கைத் தேடியபோது அவர் ஐந்து மணிக் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

ஐந்து முப்பத்தொன்றுக்கு அவசரப் பிரிவில் பரிசோதனைக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்தாள். அன்றைய தேதிக்கு அவள் ரத்தத்தில் ஒன்றுமில்லை. அந்தச் சான்று கைவசம் இருந்தது. அந்த நேரத்தில் வார்டில் வேலை பார்த்தாள் என்பதற்குத்தான் எந்தச் சான்றும் இல்லை. அவள் கொடுத்த விபத்து அறிக்கை மூன்றாம் நாள் ஒரே வரியோடு திரும்பி வந்தது: சம்பவ நேரத்தில் பணியில் இல்லை.

*

ஃபான் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். "'மாலை நான்கு மணிக்கு மேல் லியாவ் பெய்ஜுனை நான் வார்டில் பார்க்கவில்லை.' கீழே கையெழுத்து, ஹெட் நர்ஸ் கோ சூயே."

பெய்ஜுன் ஆசாங்கைப் பார்த்தாள். ஆசாங் அன்னாசி கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசாங் என்னைப் பார்த்தாங்க," என்றாள் பெய்ஜுன். "அவங்கதான் பன்னெண்டாம் பெட் ரத்தத்தை எடுத்துட்டுப் போன்னு சொன்னாங்க."

"சொன்னதை எழுதிக் கொடுத்தாங்களா?"

"வார்டுல யாருங்க எழுதிக் கொடுப்பாங்க?"

"அவங்க எழுதிக் கொடுத்தது இங்க இருக்கு. நீங்க சொல்றது காத்துல இருக்கு." ஃபான் தாளை நகர்த்திவிட்டு இன்னொன்றை எடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க, மிஸ் லியாவ். கணுக்கால்ல ஒரு டாட்டூ இருக்குன்னு கேள்விப்பட்டேன். டாட்டூ ஊசியிலகூட இந்த நோய் வருமாமே?"

"அது பத்தொன்பது வயசுல போட்டது. ஜூலை பதினெட்டுல ரத்தம் சுத்தமா இருந்துச்சு. உங்க லேப்தான் சொல்லிச்சு."

"ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவுல இன்னொன்னு போட்டிருக்கலாமே."

"வேணும்னா தேடிப் பாருங்க. ஒரு பெண் டாக்டரை அனுப்புங்க."

தூ மேடம் பேனாவால் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். அவர் குறுக்கிட்டது அதுதான் முதல் தடவை.

"டாட்டூ போதும். ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. கார்டு எப்ப அடிச்சாங்கங்கறதை வச்சு மட்டும் இது முடிவாகாது. மேலதிகாரிக்குத் தெரிஞ்சு, அவங்க சொல்லி வேலை பார்த்திருந்தா, நாலு மணியானாலும் நடுராத்திரியானாலும் அது வேலைதான். தெரியுமா தெரியாதாங்கறதுதான் கேள்வி. மிஸ் லியாவ், உங்க பேச்சைத் தவிர வேற ஏதாவது இருக்கா?"

பெய்ஜுன் யோசித்தாள். "இல்ல."

"கூட இருந்தவங்க?"

வான்திங் அக்கா வரமாட்டேன் என்று இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. கார்டைக் கொடுத்தது வெளியே வந்தால் அவளுக்கும் தலைவலி. வீட்டில் இரண்டு குழந்தைகள். பெய்ஜுன் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

"யாரும் இல்ல."

"அப்போ சமரசம் ஆகலைன்னுதான் எழுத வேண்டியிருக்கும்," என்றார் தூ மேடம். "அதுக்கப்புறம் கோர்ட்டு. ஒரு வருஷம், ரெண்டு வருஷம்." கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். மூலையிலிருந்த பிரிண்டர் உறுமியது, பாதித் தாளைக் கக்கியது, அப்படியே நின்றுவிட்டது.

தூ மேடம் எழுந்து போய் அதன் முதுகில் தட்டினார். நர்ஸ்கள் இருவரின் கண்ணும் பிரிண்டருக்குப் போகவில்லை. பிரிண்டர் தலைமேல் இருந்த பச்சைப் பாக்கெட்டுக்குப் போயின.

"தேதி முடிஞ்சிருக்கும்," என்றார் கோ சூயே. அன்று காலை அவர் பேசிய முதல் வார்த்தை.

தூ மேடம் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஆகஸ்ட்! அடக் கடவுளே... மூணு மாசமா செத்த பாக்கெட்டை வச்சுக்கிட்டு மெஷினைத் திட்டிக்கிட்டு இருக்கோம்!"

தைவானில் எங்கே ஒரு மெஷின் உண்டோ, அங்கே அதன் மேல் ஒரு பாக்கெட் பொரி உண்டு. தேங்காய் ருசி, பச்சை உறை. சிவப்போ மஞ்சளோ ஆகாது. பிரிக்கக் கூடாது. அது இருக்கிறவரை மெஷின் சொன்னபடி கேட்கும். தேதி தாண்டினால் மெஷினுக்குக் கோபம் வரும். வங்கியிலும் உண்டு, ரயில் நிலையத்திலும் உண்டு. 5பியின் சிகிச்சை வண்டியிலும் உண்டு.

பெய்ஜுன் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"ஒன்றரை மணிக்கு மறுபடி உட்காருவோம்," என்றார் தூ மேடம். "கீழ கடையில புது பாக்கெட் வாங்கிட்டு வரச் சொல்றேன். சாப்பிட்டு வாங்க."

*

மணி பதினொன்று இருபது. மாடிப்படி திருப்பத்தில் நின்று போன் போட்டாள் பெய்ஜுன்.

"அக்கா, வச்சிடாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"பெய்ஜுன், நான்தான் சொல்லிட்டேனே..." வான்திங் இப்போது பகல் டூட்டி. குரலைத் தாழ்த்திப் பேசினாள். "கார்டு விஷயம் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாங்க."

"கார்டைப் பத்தி இல்ல. வண்டி மேல இருக்கற பச்சைப் பாக்கெட். ஜூலைல நான் மாத்தினது. இருக்கா?"

"இதுக்கா போன் பண்ணினே? உனக்கு மாத்திரை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, அதுக்குள்ள மண்டை குழம்பிடுச்சா?"

"இருக்கா இல்லையா?"

"நாளையோட தேதி முடியுதுன்னு காலைல மாத்தியாச்சு. பழசைப் பத்து மணிக்கு எல்லாருமாத் தின்னாச்சு. நமத்துப் போகவே இல்ல."

"உறை?"

"குப்பையில. வேற எங்க? நீ எதுக்கு..."

வான்திங் பாதியில் நிறுத்தினாள்.

5பியில் திறந்த மருந்தானாலும் மாட்டிய பாட்டிலானாலும் தேதி, நேரம், பெயர் எழுதாமல் வைக்க முடியாது. ஆபத்தான மருந்தென்றால் இன்னொருவர் பார்த்து இரண்டாவது கையெழுத்தும் போட வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் இருக்கிற விதிதான். கோ சூயே அதைப் பச்சைப் பாக்கெட் வரைக்கும் கொண்டுபோயிருந்தார். "வண்டி நின்னா எல்லாம் நிக்கும். இதுவும் ஆபத்தான மருந்துதான்," என்று ஒருநாள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். விளையாட்டா நிஜமா என்று யாருக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. அன்றுமுதல் பாக்கெட்டின் முதுகில் மார்க்கர் பேனாவால் தேதி, நேரம், இரண்டு கையெழுத்து.

"எத்தனை மணின்னு போட்டே?" வான்திங்கின் குரல் மாறியிருந்தது.

"நாலு அம்பது. ரத்தம் எடுக்கக் கிளம்பறப்போ வண்டியைப் பார்த்தேன், அன்னிக்கோட தேதி முடியுது. டிராயர்ல இருந்த புதுசை எடுத்து வச்சு எழுதினேன். கை தானா எழுதிச்சு அக்கா, எனக்கு இப்பதான் ஞாபகமே வருது."

"ரெண்டாவது கையெழுத்து?"

"ஆசாங்."

போன் துண்டிக்கப்பட்டது. பயந்து வைத்தாளா, பாய்ந்து வைத்தாளா என்று பெய்ஜுனுக்குத் தெரியவில்லை. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை.

*

நர்ஸ்களின் ஓய்வறைக் குப்பையைப் பதினொன்றரைக்கு எடுத்துப் போவார்கள். கையில் இருந்த மருந்தை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு வான்திங் ஓய்வறைக்கு வந்தபோது பதினொன்று முப்பத்துநான்கு. குப்பைக் கூடையில் புதுப் பை, சுருக்கம்கூட இல்லாமல்.

பக்கத்து நர்ஸிடம் தன் நோயாளிகளை ஒப்படைத்தாள். நான்கு மணி நேர லீவு எழுதிக் கொடுத்தாள். சரக்கு லிஃப்டில் அடித்தளத்துக்கு இறங்கினாள். துப்புரவு வேலை பார்க்கும் சாய் அம்மா, மூன்று கறுப்புப் பைகளின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தொலைச்சே? மோதிரமா?"

"பொரிப் பாக்கெட் உறை."

சாய் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எதிர்க்கடையில புதுசே கிடைக்குதே கண்ணு!"

"தின்ன பாக்கெட்தான் வேணும்."

"படிச்ச புள்ளைங்க எல்லாம் இப்படித்தான் ஆயிடறீங்க," என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து தரையில் விரித்தார்.

வான்திங் தடித்த கையுறை போட்டு, நீளமான இடுக்கியால் கிளறினாள். குப்பைக்குள் கையை விடும் பழக்கம் நர்ஸ்களுக்குக் கிடையாது, டீ குடிக்கிற அறையின் குப்பையானாலும். அந்தப் பழக்கம் அன்று உதவியது. முதல் பையில் தேநீர்க் கோப்பைகளுக்கும் சோற்று டப்பாக்களுக்கும் நடுவே, மூடியில்லாத ஒரு சாதா ஊசி கிடந்தது.

"இங்க எப்படி வந்துச்சு இது?"

"யாரோ சட்டைப் பையில மறந்திருப்பாங்க, அப்புறம் இங்க போட்டிருப்பாங்க. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும்," என்றார் சாய் அம்மா. "நான் பையை உடம்போட ஒட்டிப் பிடிக்கவே மாட்டேன்."

வான்திங் இடுக்கியால் அதை எடுத்து ஊசிப் பெட்டிக்குள் போட்டாள். அடுத்த பையின் கட்டை அவிழ்த்தாள்.

இரண்டாவது பையில் பச்சை தெரிந்தது. வாய்ப்பக்கம் கோணலாகக் கிழிந்திருந்தது. முதுகுப் பக்கம் முழுசாக இருந்தது.

*

ஒன்றரை மணி. ஃபான் சாப்பிட்ட களையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிரிண்டர் மேல் புதுப் பாக்கெட் வந்திருந்தது. கதவைத் தட்டி உள்ளே வந்தது வான்திங். சீருடைக்கு மேல் ஸ்கூட்டர் ஜாக்கெட், கையில் ரத்தக் குப்பிகள் போடும், உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை. பைக்குள் பச்சை உறை.

கோ சூயேயின் முதுகு நேரானது. "உனக்கு டூட்டி இல்லையா?"

"நாலு மணி நேரம் லீவு எழுதிக் கொடுத்திருக்கேன், ஆசாங். சாங் நர்ஸ் பார்த்துக்கறா."

"இது என்ன?" என்றார் ஃபான். "மேடம், இது தொழிலாளர் அலுவலகமா, மளிகைக் கடையா?"

தூ மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதலில் வெளிப் பையில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். கண்டெடுத்த இடம், அடித்தளம். நேரம் 12:08. எடுத்தவர் ஷியே. உடன் பார்த்தவர் சாய்.

"இதுக்குமா ரெண்டு கையெழுத்து?"

"5பி வழக்கம் மேடம்," என்றாள் வான்திங்.

தூ மேடம் உள்ளே இருந்ததைத் திருப்பி, நிதானமாக வாசித்தார். "சிகிச்சை வண்டி. மாற்றிய நாள் 7/18. நேரம் 16:50. மாற்றியவர் லியாவ். சரிபார்த்தவர் கோ."

ஃபான் எட்டி அந்த எழுத்தைப் பார்த்தார்.

"மார்க்கர் பேனா எல்லாக் கடையிலும் கிடைக்குது," என்றார் ஃபான். "யார் வேணா, எப்ப வேணா எழுதலாம்."

"எழுதலாம். அதனாலதான் எழுதினவங்ககிட்டயே கேக்கப் போறேன்." தூ மேடம் பையை மேஜையின் எதிர்ப்பக்கம் நகர்த்தினார். "ஹெட் நர்ஸ் கோ, இது உங்க கையெழுத்தா?"

"ஆசாங், நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல," என்றார் ஃபான் அவசரமாக. அவர் அந்தப் பெயரைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவர் வாயில் அது ஒட்டவில்லை.

கோ சூயே கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்தார். வரிகளுக்குக் கீழே விரலை வைத்து, மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் படித்தார். என்ன பொருள். என்ன தேதி. என்ன நேரம். யார். கடைசிப் பெயரில் விரல் நின்றது.

பெய்ஜுன் தன் இடது ஆள்காட்டி விரலை வலது கைக்குள் மூடி வைத்திருந்தாள்.

"என்னோடதுதான்," என்றார் கோ சூயே.

"நேரம்?"

"நாலு அம்பது. கடிகாரம் பார்க்காம நான் எந்த நேரத்துக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மேடம், அவங்க கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் இங்க இருக்கு!" ஃபான் தாளை உயர்த்திக் காட்டினார். "இதுவும் இவங்க கையெழுத்துதானே?"

கோ சூயே இரண்டையும் பார்த்தார். ஒரு பக்கம் வெள்ளைத் தாள். ஒரு பக்கம் எண்ணெய்க் கறை படிந்த பச்சை உறை.

"அது உங்க ஆபீஸ்ல டைப் அடிச்சு வந்தது. நான் தனியாப் போட்டது. இது ரெண்டு பேர் பார்த்துப் போட்டது." கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்தாறு வருஷமா ரெண்டு பேர் பார்த்ததைத்தான் சரின்னு நர்ஸுங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறேன். இப்ப இல்லைன்னு சொல்ல முடியாது."

ஃபான் விடவில்லை. "சரி, இருக்கட்டும். பாக்கெட்டு மாத்தறது நர்ஸ் வேலையா? வீட்டுக்குப் போற வழியில விளையாட்டா மாத்தியிருக்கலாம் இல்லையா?"

"வண்டி யார் கையில இருக்கோ அவங்கதான் மாத்தணும். வேற யாரும் தொடக்கூடாது. வண்டி இவ கையில இருந்துச்சு. பன்னெண்டாம் பெட்டுக்குப் போய்க்கிட்டு இருந்தா. 'ரத்தத்தை எடுத்துக் கொடுத்துட்டுக் கிளம்பு'ன்னு நான்தான் சொன்னேன்."

"வண்டியைத் திறந்த கார்டு என்னோடது," என்றாள் வான்திங், யாரும் கேட்காமலே. "நான் கொடுத்தேன். ரத்தம் எடுத்தது இவ."

தூ மேடம் எழுதிக்கொண்டே கேட்டார். "அப்ப ஊசி? பாதுகாப்பு ஊசிதான் கொடுக்கணும்னு சட்டம் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சே."

"வாங்கியிருக்கோம் மேடம். பட்டியல் இருக்கு," என்றார் ஃபான்.

"அலமாரியும் இருக்கு," என்றாள் வான்திங். "பூட்டும் இருக்கு."

ஃபான் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பத்து நிமிஷம் கொடுங்க."

கதவு மூடியது. கண்ணாடிக்கு அப்பால் அவர் நடந்துகொண்டே பேசுவது தெரிந்தது. உள்ளே நான்கு பெண்கள் மட்டும் இருந்தார்கள். கோ சூயே பெய்ஜுன் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கவில்லை.

"மாத்திரை எப்ப ஆரம்பிக்கறே?"

"அடுத்த வாரம், ஆசாங்."

"தினமும் ஒரே நேரத்துல போடு. வேற எந்த மாத்திரை சாப்பிட்டாலும் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடு."

"சரி, ஆசாங்."

*

பத்து நிமிடம் நாற்பதானது. திரும்பி வந்த ஃபானின் சட்டையில் மடிப்புக் கலைந்திருந்தது.

ஒப்பந்தம் ஐந்து வரி. ஜூலை 18, மாலை 4:55-க்கு நர்ஸ் லியாவ் பெய்ஜுனுக்கு வேலையின்போது ஊசிக் காயம் ஏற்பட்டது. அதன் விளைவே ஹெபடைடிஸ் சி. சிகிச்சையும் லீவும் அதற்குரிய சட்டப்படி. சிகிச்சை முடியும்வரை வேலைக்குப் பாதிப்பில்லை. பாதுகாப்பு ஊசிகள் இனிப் பூட்டாத அலமாரியில் இருக்கும்.

"நாலு மணிக் கார்டு விஷயம் இதுல வரக்கூடாது," என்றார் ஃபான்.

"வராது. அது இந்த மாடி வேலை இல்ல," என்றார் தூ மேடம். "இதே கட்டடத்துல அஞ்சாவது மாடியில தொழிலாளர் ஆய்வுப் பிரிவு இருக்கு. இதோட நகல் ஒண்ணு அங்க போகும்."

ஃபான் இந்த முறை தட்டில் மிச்சமிருந்த கேக்கை எடுக்கவில்லை. அடுத்த வாரம் வான்திங்குக்குக் கார்டைக் கடன் கொடுத்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்கடுத்த மாதம் கோ சூயேயை வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றினார்கள்; அங்கே வண்டி கிடையாது. பெய்ஜுன் பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டாள்.

அதெல்லாம் பின்னால். அன்று பிற்பகல், தூ மேடம் கம்ப்யூட்டரில் தட்டியதும் பிரிண்டர் உறுமியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். தாள் முழுசாக வெளியே வந்தது. அடுத்ததும் வந்தது.

பெய்ஜுன் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஃபான் படிக்காமல் போட்டார். கீழே சாட்சிக்கு ஒரு கோடு இருந்தது. தூ மேடம் தாளைக் கோ சூயே பக்கம் திருப்பினார்.

கோ சூயே மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பெயரை எழுதினார். பிறகு, யாரும் கேட்காமலே, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பக்கத்தில் நேரத்தையும் எழுதினார்: 15:22.